மஞ்சள் போகாத தங்கம்

நகைக்கடையில் 916 முத்திரையோடு வெள்ளைத் தங்க மோதிரம் வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது. ‘ஒயிட் கோல்டு 18 காரட்லதாங்க வரும்’ என்று சொல்லிவிட்டு, 750 என்று பொறித்த மோதிரத்தை எடுத்துக் காட்டுவார்கள். காரணம் கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்பதைத் தாண்டிப் பேச்சு போவதில்லை. 22 காரட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் அரைத் தங்கம் என்று நினைத்து வளர்ந்த வீடுகளில், வாங்க வந்தவர்கள் அங்கேயே திரும்பியும் விடுகிறார்கள்.

காரணம் எளிய கணக்குதான். 22 காரட் என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். மற்ற உலோகங்களுக்கு மிஞ்சுவது 84 பங்கு. தங்கத்தின் மஞ்சளை அடக்கும் உலோகத்தை அந்தச் சின்ன இடத்துக்குள் அடைத்துப் பார்த்தால், மஞ்சள் குறைகிறதே தவிரப் போவதில்லை. போகும் அளவுக்கு அடைத்தாலோ, அந்த உலோகத்தைச் சுத்தியலுக்கும் கம்பி இழுப்புக்கும் பணியவைக்கத் தேவையான செம்புக்கும் துத்தநாகத்துக்கும் இடம் இருக்காது. 18 காரட்டில் ஆயிரத்துக்கு 250 பங்கு கிடைக்கிறது. வெள்ளைத் தங்கத்தின் வாழ்க்கை அந்த 250 பங்குக்குள்தான் நடக்கிறது.

இந்த 250 பங்கு எடைக்கணக்கு. அணுக்கணக்கு வேறு மாதிரி இருக்கும். தங்க அணு கனமானது. நிக்கல், செம்பு, துத்தநாக அணுக்கள் ஒவ்வொன்றும் அதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். நூறு கிராமில் 75 கிராம் தங்கம், 11 கிராம் நிக்கல், 9.5 கிராம் செம்பு, 4.5 கிராம் துத்தநாகம் என்று ஒரு கலவையை எடுத்துக்கொள்வோம். அணுக்களை எண்ணினால் நூற்றுக்கு 48 சொச்சம்தான் தங்கம். நிக்கல் மட்டும் 24. முக்கால் பங்கு தங்கம் என்று நாம் விலை கொடுக்கும் மோதிரத்துக்குள், தங்க அணுக்கள் சிறுபான்மை. யாரும் ஏமாற்றவில்லை, எடை போட்டுத்தானே விற்கிறார்கள். ஆனால் நிறத்தைத் தீர்மானிப்பது தராசு இல்லை; அணுக்களும் அவற்றின் எலக்ட்ரான்களும்தான்.

ஆகவே எலக்ட்ரான்களிடம் போவோம். பளபளப்பான உலோகங்களில் பெரும்பாலானவை வெள்ளையும் சாம்பலுமாகத்தான் இருக்கின்றன. வெள்ளி, அலுமினியம், இரும்பு, தகரம், நிக்கல், பிளாட்டினம் எல்லாம் அந்தக் கூட்டம். பளிச்சென்று நிறம் காட்டுபவை செம்பும் தங்கமும்தான். வெள்ளிக்கு நேர் கீழே, அதே குடும்பத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கம் ஏன் வெள்ளியைப் போல இல்லை? இதற்கு விடை சொல்ல ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதிய சார்பியல் கோட்பாடு தேவைப்பட்டது.

தங்கத்தின் அணுக்கருவில் 79 புரோட்டான்கள். அவ்வளவு பலமான மின்னூட்டத்துக்கு மிக அருகில் இருக்கும் எலக்ட்ரான், ஒளியின் வேகத்தில் சுமார் 58 விழுக்காட்டு வேகத்தில் இருப்பதாகக் கணக்கு வருகிறது. அந்த வேகத்தில் சார்பியல் விளைவு சும்மா இருக்காது: எலக்ட்ரானின் கனம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். கனம் கூடினால் அது கருவுக்கு இன்னும் நெருங்கி இறுகும். உள்ளே தொடங்கிய இந்த இறுக்கம், 6எஸ் எனப்படும் வெளிக்கூட்டு எலக்ட்ரான் வரை எட்டுகிறது. எஸ் வகை எலக்ட்ரான்கள் இப்படி உள்ளே ஒடுங்கிக் கருவை மறைக்க, 5டி எனப்படும் மற்றொரு வகையின் மீது கருவின் பிடி சற்றுத் தளர்கிறது. அதன் ஆற்றல் உயர்கிறது. ஒன்று இறங்க, மற்றொன்று ஏற, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகிவிடுகிறது.

அந்த இடைவெளிதான் நிறம். வெள்ளியில் 4 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகில் இருக்கும் அது, தங்கத்தில் 2.4-க்கு அருகில் வந்து நிற்கிறது. வெள்ளி விழுங்கும் ஒளி புறஊதாவில் இருப்பதால் நம் கண்ணுக்கு இழப்பே தெரிவதில்லை. வந்த ஒளியெல்லாம் திரும்பி வருகிறது. தங்கமோ நீலத்தை விழுங்கத் தொடங்கிவிடுகிறது. சிவப்பிலும் மஞ்சளிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திருப்பி அனுப்பும் தங்கப்பரப்பு, நீலத்தில் நாற்பதை ஒட்டித்தான் அனுப்புகிறது. வெள்ளையிலிருந்து நீலத்தைக் கழித்தால் நாம் காண்பது மஞ்சள். சார்பியலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், தங்கம் கிட்டத்தட்ட வெள்ளி நிறத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று கோட்பாட்டு வேதியியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆக, வெள்ளைத் தங்கம் செய்ய உட்காரும் பத்தர் எதிர்த்து நிற்பது சாதாரண ஆளை இல்லை.

மஞ்சளை அடக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, யாருக்கும் முதலில் தோன்றுவது: வெள்ளியைச் சேர்ப்பது. வெள்ளி கலக்கக் கலக்க, ஒளி விழுங்கத் தொடங்கும் அந்த எல்லை நீலத்தைக் கடந்து புறஊதாவை நோக்கி மெல்ல நகரும். இழந்த நீலம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். ஆனால் மிக மெதுவாக. 18 காரட்டில் மிச்சம் முழுவதும் வெள்ளியாகவே இட்டாலும் (அணுக்கணக்கில் நூற்றுக்கு 38) கிடைப்பது வெண்மை இல்லை, பச்சை படர்ந்த மஞ்சள்தான். நல்ல வெண்மை வரவேண்டுமானால் பாதிக்கு மேல் வெள்ளி வேண்டும். அதற்குப் பேசாமல் வெள்ளியே வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி விசித்திரமானது. நிக்கல், பல்லேடியம் போன்றவற்றின் டி-எலக்ட்ரான் அடுக்கு, திட உலோகமாகும்போது முழுமையாக நிரம்பியிருப்பதில்லை. அவற்றின் அணுக்கள் தங்கத்துக்குள் நுழைந்ததும், தங்கம் காலியாக வைத்திருந்த ஆற்றல் பகுதியில் புதிய நிலைகள் முளைக்கின்றன. அதுவரை தங்கம் தொடாமல் திருப்பியனுப்பிய சிவப்பையும் மஞ்சளையும் இப்போது அந்த நிலைகள் விழுங்கத் தொடங்குகின்றன. நீலம் கூடவில்லை, சிவப்பு குறைந்துவிட்டது. இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் கண் அதை வெள்ளை என்று ஒப்புக்கொள்கிறது.

வெள்ளைத் தங்கத்தைப் பற்றி ஒரே ஒரு செய்தியை நினைவில் வைக்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். தங்கத்தை வெளுக்கவைப்பது என்பது அதை மங்கவைப்பது. கூடுதல் ஒளி எங்கிருந்தும் வருவதில்லை. இருந்த ஒளியில் ஒரு பகுதியைக் கொடுத்துத்தான் நிறமின்மை வாங்கப்படுகிறது. அதனால்தான் மேற்பூச்சு இல்லாத நல்ல வெள்ளைத் தங்கத்தை வெள்ளிக்கு அருகில் வைத்துப் பார்த்தால் சற்றுச் சாம்பலாகத் தெரியும். கடைகளில் நாம் காணும் பளீர் வெள்ளை வேறொரு உலோகத்துடையது. அதற்குப் பிறகு வருவோம்.

*

தங்கத்தை வெளுத்த முதல் ஆட்கள், நமக்குத் தெரிந்தவரை, தென் அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழ்ந்தவர்கள். இன்றைய ஈக்வடாரின் வடகரையிலும் கொலம்பியாவின் தென்கரையிலும் லா டோலிட்டா பண்பாடு என்று அகழ்வாய்வாளர்கள் அழைக்கும் மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஆற்று மணலில் தங்கத்தோடு பிளாட்டினமும் குருமணலாகக் கிடந்தது. பிளாட்டினம் உருக 1768 டிகிரி வெப்பம் வேண்டும். கரியும் ஊதுகுழலும் அதற்குப் பக்கத்தில்கூடப் போகாது. ஆனால் தங்கம் 1064 டிகிரியில் உருகிவிடும். அவர்கள் பிளாட்டினக் குருமணலோடு தங்கப் பொடியைக் கலந்து ஊதினார்கள். உருகிய தங்கம் குருமணல்களுக்கு நடுவே கசிந்து அவற்றைப் பிணைத்தது. அடித்து, மறுபடி காய்ச்சி, மறுபடி அடித்து ஒரே சீரான வெளிர் உலோகமாக்கினார்கள். மூக்கணிகளும் சிறு உருவங்களும் இப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த பால் பெர்க்சோ அந்தப் பொருட்களை ஆராய்ந்து, 1930களில் இந்த முறையை விளக்கி எழுதினார். பொடிகளைச் சேர்த்துச் சூட்டில் பிணைக்கும் அந்தத் தொழில்நுட்பத்தை ஐரோப்பா கற்றுக்கொள்ள இன்னும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஐரோப்பியர் வந்தபோது அதே பிளாட்டினத்தைத் தொல்லையாகப் பார்த்தார்கள். பூமத்தியரேகைப் பகுதியில் பூமியின் வடிவத்தை அளக்கச் சென்ற பிரெஞ்சுக் குழுவோடு 1735-இல் புறப்பட்ட ஸ்பானியக் கடற்படை அதிகாரி அந்தோனியோ தெ உல்லோவா, 1748-இல் வெளியிட்ட பயண நூலில் இந்த முரட்டு உலோகத்தைப் பற்றி எழுதினார். சோக்கோ பகுதிச் சுரங்கங்களில் அது தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. எடையில் தங்கத்துக்குச் சமமாக இருந்ததால் தங்கத்தோடு கலந்து ஏமாற்ற வசதியாகவும் இருந்தது. எனவே பிரித்தெடுத்த பிளாட்டினத்தை அதிகாரிகள் முன்னிலையில் ஆற்றில் கொட்டச் செய்தார்கள். பின்னாளில் கிராம் கணக்கில் விலைபேசப்பட்ட உலோகம் கூடைகூடையாக ஆற்றுக்குப் போயிற்று.

பிளாட்டினம் நகையாக 20-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஆக்சிஜன் கலந்த சுடர் பட்டறைக்கு வந்த பிறகுதான் அதை உருக்கிப் பொருத்துவது எளிதாயிற்று. பாரிசின் கார்டியே நிறுவனம் அதை வைத்து வைரங்களை நூலிழை போன்ற கம்பிகளில் கோத்துக் காட்டியதும், பணம் படைத்தவர்களின் கண் முழுக்க வெள்ளைக்குத் திரும்பியது. மஞ்சள் கட்டுமானத்தில் வைரமும் சற்று மஞ்சளடிக்கும். வெள்ளைக் கட்டுமானத்தில் அந்தக் குறை இல்லை. விலையோ எட்டாத உயரம். முதல் உலகப் போருக்கு முன்பு உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதி ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதி ஒன்றிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

பிறகு போர். வெடிமருந்துக்கு நைட்ரிக் அமிலம் வேண்டும். அமோனியாவிலிருந்து அதைச் செய்யும் ஆஸ்ட்வால்டு முறைக்குப் பிளாட்டினம்தான் வினையூக்கி. ராணுவம் கேட்ட உலோகத்தை நகைக்காரர் கேட்க முடியுமா? 1917-இல் ரஷ்யாவில் புரட்சி வெடித்ததும் யூரலிலிருந்து வந்த வரத்தும் நின்றது. ஜெர்மனியில் நகைத் தொழிலுக்குப் பெயர்போன ஃபோர்ட்ஸ்ஹைம் நகரத்தில் போருக்குச் சற்று முன்பே வெள்ளைக் கலவைகளை உருவாக்கத் தொடங்கியிருந்தார்கள். நியூயார்க்கில் டேவிட் பெலே தங்கம், நிக்கல், துத்தநாகம் கலந்த கலவைக்கு 1920-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரையே முத்திரையாகக் கொண்ட மோதிரங்கள் அமெரிக்காவில் வெள்ளமாக விற்றன. இரண்டாம் உலகப் போரில் 1942-இல் அமெரிக்கா பிளாட்டினத்தை நகைக்குப் பயன்படுத்தத் தடை போட்டபோது, இரண்டாவது அலை எழுந்தது. பிளாட்டினம் கிடைக்காத காலத்துக்கு ஒரு மாற்று என்று பிறந்தது, போர் முடிந்த பிறகும் கடையை விட்டுப் போகவில்லை.

*

பெலே நிக்கலைத் தேர்ந்ததற்குக் காரணம் சுலபம்: மலிவு, மஞ்சளை அடக்குவதில் பலம். தொல்லைகள் பிறகுதான் வந்தன.

நிக்கல் அணு சிறியது. படிகத்தில் தங்க அணுக்களின் அடுக்கு இடைவெளியை விட நிக்கலின் இடைவெளி ஏறக்குறைய 14 விழுக்காடு குறைவு. நெல்லிக்காயையும் எலுமிச்சையையும் ஒரே தட்டில் ஒழுங்காக அடுக்குகிற சிரமம்தான் இது. நல்ல சூட்டில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கும். சுமார் 810 டிகிரிக்குக் கீழே போனதும் பிரியப் பார்க்கும். மெல்ல ஆறவிட்டால் உள்ளே தங்கம் மிகுந்த பகுதி, நிக்கல் மிகுந்த பகுதி என்று இரண்டாகப் பிரிந்து உலோகம் விறைத்துவிடும். இந்த விறைப்பு ஓரளவுக்கு நல்லது: ஊசியும் கொக்கியும் ஸ்பிரிங் போல நிற்கும், மோதிரம் எளிதில் கோணாது. ஆனால் கம்பி இழுக்கும்போது முரண்டு பிடிக்கும். அவசரமாகச் சூடேற்றினால் விரிசல் விடும். வார்ப்புக்குப் பயன்படும் ஜிப்சத்திலிருந்து கந்தகம் பிரிந்து நிக்கலோடு சேர்ந்தால், வார்த்த மோதிரம் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். 22 காரட்டின் மென்மைக்குப் பழகிய கைக்கு இது எதிர்க்கட்சி உலோகம்.

இதைவிட மோசமான ஒன்று கல் பதித்த நகைகளில் நடக்கிறது. வைரத்தைப் பிடித்திருக்கும் மெல்லிய கொக்கிகள் வளைத்து இறுக்கப்பட்டவை. அவற்றுக்குள் இழுவிசை உறைந்து கிடக்கிறது. நீச்சல்குளத்துத் தண்ணீரில் இருக்கும் குளோரின், வீட்டில் தரை துடைக்கும் பிளீச்சிங் கரைசல் போன்றவை அந்த இழுவிசை உள்ள இடங்களில் படிக எல்லைகளின் வழியாக உள்ளே அரிக்கும். வெளியே பார்க்க நகை புதிது போலவே இருக்கும். ஒருநாள் கொக்கி உடைந்து கல் விழுந்துவிடும். தங்கம் எதனாலும் அரிக்கப்படாது என்ற நம்பிக்கை, பாதிக்கு மேல் வேற்று அணுக்கள் உள்ள உலோகத்துக்குப் பொருந்தாது. வெள்ளைத் தங்க வைர மோதிரத்தோடு நீச்சல்குளத்தில் இறங்காதீர்கள். குளோரின் கலந்த தண்ணீரில் பாத்திரமும் கழுவாதீர்கள்.

தோலின் விஷயம் இன்னும் பெரிது. வியர்வையில் உப்பு உண்டு, அமிலம் உண்டு. அது நிக்கலிலிருந்து சிறுகச் சிறுக அயனிகளைக் கரைத்தெடுக்கும். சிலருடைய நோய் எதிர்ப்பு அமைப்பு அந்த அயனியை ஒருமுறை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால், பிறகு ஆயுள் முழுக்க மறக்காது. நகை பட்ட இடத்தில் ஓரிரு நாளில் சிவந்து, அரித்து, கொப்புளம் கிளம்பும். உடனே வராமல் தாமதித்து வருவதால், காரணம் தோடுதான் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. சோப்பை மாற்றுவார்கள், எண்ணெயை மாற்றுவார்கள். 2010-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இதன் வேரைக் காட்டினார்கள். பாக்டீரியாவைக் கண்டறிவதற்காக நம் செல்களில் இருக்கும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியை நிக்கல் அயனி நேரடியாகத் தட்டி எழுப்புகிறது. மனிதனின் அந்த ஏற்பியில் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள்தான் நிக்கலைப் பிடிக்கின்றன. எலியின் ஏற்பியில் அவை அந்த இடத்தில் இல்லை. அதனால்தான் சோதனைக்கூடத்து எலிகளிடம் நிக்கல் ஒவ்வாமையை அவ்வளவு எளிதாக உண்டாக்க முடியவில்லை.

காது, மூக்குக் குத்திய புதுப் புண்ணில் நிக்கல் படுவதுதான் இந்த ஒவ்வாமை தொடங்குவதற்கு மிக வசதியான வழி. நம் ஊரில் காது குத்தும்போது நல்ல தங்கக் கம்பியையே போட வேண்டும் என்று பாட்டிகள் பிடிவாதம் பிடிப்பதை வெறும் ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் இது சட்டமாகவே வந்தது. டென்மார்க் முதலில் கட்டுப்பாடு விதித்தது. 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் நிக்கல் ஆணையைப் பிறப்பித்தது. தோலோடு நீண்டநேரம் படும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக் கூடாது. குத்திய துளையில் போடும் அணிகளுக்கு 2004-இல் 0.2 என்று வரம்பு வந்தது. உலோகத்தில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று பார்க்காமல், எவ்வளவு கசிகிறது என்று அளந்தார்கள். சரியான அளவுகோல் என்பேன்.

*

நிக்கலுக்கு மாற்று பல்லேடியம். அதன் பிறப்பே ஒரு குறும்பு. 1803-இல் லண்டனின் சோஹோ பகுதியிலிருந்த ஒரு கடையில் ‘புதிய வெள்ளி’ என்ற விளம்பரத் துண்டுச்சீட்டோடு இந்த உலோகம் விற்பனைக்கு வந்தது. கண்டுபிடித்தவர் பெயர் இல்லை. ரிச்சர்டு செனவிக்ஸ் என்ற வேதியியலாளர் இதை மோசடி என்று நினைத்து இருப்பை வாங்கி ஆராய்ந்து, பிளாட்டினத்தையும் பாதரசத்தையும் கலந்து செய்தது என்று ராயல் சொசைட்டியில் அறிவித்தார். அப்படிச் செய்து காட்டுபவருக்கு 20 பவுண்டு பரிசு என்று மர்ம ஆசாமியிடமிருந்து அறிவிப்பு வந்தது. யாராலும் முடியவில்லை. கடைசியில் அந்த ஆசாமி வில்லியம் ஹைட் வொலாஸ்டன் என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் அப்போது ராயல் சொசைட்டியின் செயலர்களில் ஒருவர். செனவிக்ஸ் பட்ட அவமானத்தை நினைத்தால் வொலாஸ்டன் மீது கோபம்தான் வருகிறது.

பல்லேடியம் கலந்த வெள்ளைத் தங்கம் மென்மையானது. கல் பதிப்பவர்கள் அதை விரும்புவார்கள். கொக்கி சொன்னபடி மடங்கும். தோலை உறுத்தாது. ஆனால் உருக அதிக வெப்பம் கேட்கும். 18 காரட்டில் நூற்றுக்கு 12, 13 பங்கு வரை தேவைப்படுவதால் விலையும் ஏறும். மாங்கனீசு, இரும்பு, குரோமியம் என்று மலிவான மாற்றுகளையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஒன்று கருக்கும், ஒன்று விறைக்கும். நிக்கலும் பல்லேடியமும்தான் நிலைத்தன.

சிக்கனமாகக் கலந்தால் என்ன ஆகும்? மோதிரத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். எவ்வளவு மஞ்சள் வரை வெள்ளை என்று சொல்லலாம் என்ற வம்பு நகைத்தொழிலில் நெடுநாள் ஓடியது. உலகத் தங்கக் குழுமமும் அமெரிக்க நகைத் தயாரிப்பாளர் சங்கமும் சேர்ந்து அமைத்த பணிக்குழு அதற்கு எண்ணால் முடிவு கட்டியது. நிறமாலை அளவியால் அளக்கும் மஞ்சள் குறியீடு 19-க்குக் கீழே இருந்தால் முதல் தரம், 19 முதல் 24.5 வரை இரண்டாம் தரம், 24.5 முதல் 32 வரை மூன்றாம் தரம். 32-ஐத் தாண்டினால் அது வெள்ளைத் தங்கமே இல்லை. முதல் தரத்துக்கு மேற்பூச்சு தேவையில்லை. மூன்றாம் தரம் பூச்சில்லாமல் கடைக்கு வர முடியாது. கேட்டு வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது நல்ல ஆயுதம். ஆனால் அடியில் எத்தனை மஞ்சள் இருந்தாலும் மேலே ஒரு பூச்சு அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

அந்தப் பூச்சு ரோடியம். இதையும் வொலாஸ்டன்தான் 1804-இல் அறிவித்தார். இந்த முறை பெயர் போட்டே. கடைகளில் ‘ரோடியம் பாலிஷ்’ என்பார்கள், உண்மையில் அது மின்முலாம். கழுவி எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய மோதிரத்தை ரோடியம் சல்பேட்டுக் கரைசலில் எதிர்முனையாகத் தொங்கவிட்டு, சில வோல்ட் மின்சாரத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் செலுத்தினால் போதும். கால் மைக்ரான் அளவில் பளீரென்று ஒரு தோல் படியும். தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு அது. ரோடியம் கடினமானது, கருக்காது, நூற்றுக்கு எண்பதை ஒட்டிய ஒளியைத் திருப்பித் தரும். பிளாட்டினமும் நிக்கல் கலவையும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. கடையின் விளக்கொளியில் மின்னுவது இந்தத் தோல்தான். அதற்குக் கீழே மங்கலான, லேசாக வெயில்பட்ட நிறத்தில் ஒரு உலோகம் இருக்கிறது.

மோதிரம் உரசும் இடத்தில், அதாவது உள்ளங்கைப் பக்கத்தில், ஓராண்டு ஈராண்டில் அந்தத் தோல் தேய்ந்து மஞ்சள் தலைகாட்டும். ‘வெள்ளைத் தங்கம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. ஏமாற்று ஏதும் நடக்கவில்லை; விற்கும்போது சொல்லவில்லை, அவ்வளவுதான். அது குற்றம் இல்லையென்றாலும் நேர்மையும் இல்லை. மறுபடி முலாம் பூசிக்கொள்ளலாம். வேலை சில நிமிடம்.

ரோடியம் உலகச் சந்தையில் பித்துப்பிடித்த உலோகம். தென்னாப்பிரிக்காவில்தான் பெரும்பகுதி கிடைக்கிறது. பிளாட்டினச் சுரங்கத்தின் உபரியாக வருவதால், தேவை கூடினாலும் தோண்டுவதைக் கூட்ட முடியாது. கார்ப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளை உடைக்கும் வினையூக்கியாகவே பெரும்பங்கு செலவாகிறது. 2008 நடுவில் அவுன்சு 10,000 டாலர் வரை ஏறிய விலை, ஆண்டு முடிவதற்குள் பத்தில் ஒரு பங்காயிற்று. 2021-இல் 30,000 டாலரை நெருங்கியது. ஆனாலும் மோதிரக்காரர் பயப்படத் தேவையில்லை. ஐந்து சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள மோதிரத்துக்குக் கால் மைக்ரான் தோல் என்றால் ஒன்றரை மில்லிகிராம் ரோடியம். அந்த உச்ச விலையிலும் அதன் மதிப்பு ஒன்றரை டாலர்தான்.

வெள்ளைத் தங்கத்தின் முன் உரைகல் கைவிடும். கல்லில் இழுத்த கோட்டின் மஞ்சளை, மாற்றுத் தெரிந்த ஊசியின் மஞ்சளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அந்தக் கலை. இங்கே ஒப்பிட மஞ்சளே இல்லை. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவிதான் இப்போது வழி. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நகைக்கு ஆறெழுத்து அடையாள எண் கட்டாயம். முத்திரை 18 காரட் 750 என்று தூய்மையைச் சொல்லும். மிச்சம் 250 பங்கு நிக்கலா பல்லேடியமா என்று சொல்லாது. அதை வாங்குபவர்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பிளாட்டினமா, வெள்ளைத் தங்கமா என்ற குழப்பத்துக்குத் தராசே பதில் சொல்லும். ஒரே அளவில் செய்த மோதிரம், நிக்கல் வெள்ளைத் தங்கத்தில் 5 கிராம் என்றால், 950 பிளாட்டினத்தில் 7 கிராமுக்கு மேல் இருக்கும். முன்னதில் தங்கம் 3.75 கிராம், பின்னதில் பிளாட்டினம் 6.7 கிராமுக்குக் குறையாது. அதாவது பிளாட்டினத்தைப் போலத் தங்கத்தின் விலை ஏறத்தாழ 1.8 மடங்கு ஆகாதவரை, உலோக மதிப்பில் வெள்ளைத் தங்கம்தான் மலிவு. 2008 மார்ச்சில் தங்கம் அவுன்சு 1,000 டாலர், பிளாட்டினம் 2,200-ஐத் தாண்டி இருந்தது. 2015-க்குப் பிறகு தங்கம் பிளாட்டினத்தைத் தாண்டிப் போய்விட்டது. 2024-இல் அதன் விலை இரண்டு மடங்குக்கும் மேல். கணக்குப்படி அந்த ஆண்டில், பிளாட்டினத்துக்கு மலிவான மாற்றாகப் பிறந்த மோதிரத்தில் இருந்த உலோகம் பிளாட்டின மோதிரத்தின் உலோகத்தைவிட விலை கூடியது. கூலியில்தான் பிளாட்டினம் இன்னும் கூடுதல் கேட்கிறது. 1768 டிகிரிக்கு மூசையும் சுடரும் வேறு, அந்த வேலை தெரிந்த கைகளும் குறைவு.